முடிவைச் சொல்லிவிட்ட கதை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பியூனாக இருந்தேன். அங்கே ஒரு புரொபசர், வாரத்தில் ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதை சொல்லுவார். முடிவை மட்டும் சொல்ல மாட்டார். பையன்கள் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அந்த இடத்தில் தாங்கள் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்து எழுத வேண்டும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப்பக்கத்துக் கதை ஒண்ணு சொல்லுங்க. முடிவை விட்டுருங்க" என்றார்.

வேறு கதை எதுவும் வரவில்லை. அன்னூர்ப் பக்கம் அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு, ஆளுக்கு ஒருநாள் முறை. மழையில்லாத வருசம், அண்ணன் முறை நாளிலெல்லாம் விடியுமுன்பே தம்பி மாடு கட்டி, ஊறியிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டான். ஊற்றே செத்துப்போச்சு என்று நம்பி, அண்ணன் பயிரைக் காயவிட்டு மில் வேலைக்குப் போனார். யாரோ ஒருத்தர் கதைபோலத்தான் சொன்னேன். அந்தத் தம்பி நான்.

எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. முன்வரிசைப் பையன் ஒருவன், "ஏனுங்க, அவன் அண்ணங்கிட்டச் சொன்னானுங்களா?" என்றான்.

"சொல்லிப்போட்டானுங்க. அண்ணன் கோவிச்சுக்கவே இல்லீங்க."

புரொபசர் முகம் சுருங்கியது. பையன்கள் பேனாவை மூடினார்கள். இனி யோசிக்க என்ன இருக்கிறது?

மறுமாதம், கேள்வி கேட்ட அந்தப் பையன் ஹாஸ்டலிலிருந்து தன் டிரங்குப் பெட்டியை எடுக்க வந்தான். பரீட்சையில் தவறியதை மறைத்து வைத்திருந்தவன், என் கதையைக் கேட்டபிறகு, படிக்க வைத்த அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டானாம். படித்தது போதும் என்றுவிட்டாராம் அவர்.

"உங்க கதையில அண்ணன் கோவிச்சுக்கலைன்னு சொன்னீங்களே" என்றான். திட்டியிருந்தால் தேவலை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டான். பெட்டியை வண்டிவரை நான்தான் தூக்கிப்போனேன்.

ஞாயிறுதோறும் எனக்கு அண்ணன் வீட்டில்தான் சோறு. அந்த ஞாயிறு கை கழுவும்போது சொன்னேன். "ஊத்து சாகலீங்கண்ணா. நாந்தான் எறச்சேன்."

"எத்தனை நாளு?"

"ஒம்பது நாளுங்க."

என் கையிலிருந்த செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "அடுத்த வாரம் சோத்துக்கு வராதே" என்றார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன் என்பதும் உறுத்துகிறது. அந்தப் பையனுக்கு நிஜமான முடிவை எழுதிப்போட வேண்டும். விலாசம் கேட்டு வைக்கவில்லை.