ஐப்பசியில் பூத்த உளுந்து

நான் ஒருவரைப் பழிவாங்கினேன். கடைசியில் வருந்துவேன், மன்னிப்புக் கேட்பேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வருத்தம் வரவில்லை.

மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் விஸ்கி குடிக்கக் கூடுவோம். குடிக்க என்று சொன்னால் எங்கள் டாக்டருக்குக் கோபம் வரும், சுவைக்க என்று சொல்ல வேண்டும். அதுவும் உண்மைதான். ஆளுக்கு இரண்டு மூடி அளவுக்கு மேல் யாரும் ஊற்றிக்கொள்வதில்லை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் வாங்கி வரும் பாட்டிலில் ஒன்றை டாக்டர் எடுத்து வருவார். தண்ணீர் விட்டுக்கொள்ள ஆய்வகத்தில் பயன்படுத்தும் சொட்டுக்குழாயை நான் கொண்டுபோவேன். ஊற்றிய பிறகு மூன்று நிமிஷம் யாரும் பேசக்கூடாது. மூக்கைக் கிளாஸுக்குள் வைத்து முகர வேண்டும். பிறகு ஒவ்வொருவராக என்ன வாசம் வந்தது, என்ன ருசி வந்தது என்று சொல்ல வேண்டும்.

கூடும் இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கும் மாப்பிள்ளை அறை. அதனால் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துத்தான் கூட முடியும். ஆடியிலும் மார்கழியிலும் எங்களுக்குக் கொண்டாட்டம். என்னதான் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் முந்தின வாரத்துச் சந்தனமும் பன்னீரும் சுவரை விட்டுப் போகாது. முதல் ஐந்து நிமிஷம் எந்த விஸ்கியும் எங்களுக்குக் கல்யாண வாசம்தான் அடிக்கும்.

மண்டபத்தின் சொந்தக்காரர்தான் நான் பழிவாங்கிய ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். டாக்டரை ‘சார்’ என்பார். கீழ்வேளூரிலிருந்து காரில் வரும் விவசாயி ஒருவரை ‘அண்ணே’ என்பார். என்னை மட்டும் ‘தம்பி’ என்பார். அந்தத் தம்பியில் பாசம் எதுவும் கிடையாது. அவருக்கு நாலு வேலி நிலம், கிட்டத்தட்ட இருபத்தேழு ஏக்கர், இருக்கிறது. அவர் அப்பா காலத்திலேயே அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஆனால் புது ஆள் யார் வந்தாலும் “நான் அடிப்படையில ஒரு விவசாயிங்க” என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். அந்த நிலத்தில் என் அம்மா முப்பது வருஷம் நடவு நட்டார், களை பறித்தார், உளுந்து பிடுங்கினார். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறையில் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

நான் குழுவில் சேர்ந்த முதல் நாள், ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த புகை விஸ்கியைத் திறந்தார்கள். என் முறை வந்தபோது, வந்த வாசத்தை அப்படியே சொன்னேன். “மழையில நனைஞ்ச வைக்கோல் போருக்குள்ள கையை விட்டா, உள்ள கதகதன்னு ஒரு சூடு இருக்கும்ல, அந்த வாசம் வருதுங்க.”

மண்டபக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “வைக்கோலா? தம்பிக்கு வேற என்ன வரும்!” என்றார். அறையே சிரித்தது. டாக்டர்கூடச் சிரித்தார். அடுத்து அவர் முறை வந்தது. ஏதோ அயல்நாட்டுப் பூ, ஏதோ மலைப் புதர் என்று இணையத்தில் படித்ததை ஒப்பித்தார். அந்தப் பூவை அவரும் பார்த்ததில்லை, அந்த அறையில் எவரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

சிரித்ததோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து டாக்டர் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். “நம்மாளு சென்னையில கலக்குறாரு, கேளுங்க” என்று கூடவே எழுதியிருந்தார். சென்னையில் இதே மாதிரி பெரிய குழு ஒன்று உண்டு. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். அங்கே மண்டபக்காரர் பேசிய பதிவு அது. “நனைஞ்ச வைக்கோல் போருக்குள்ள கையை விட்டா ஒரு சூடு இருக்கும் பாருங்க. எங்க வயல்ல சின்ன வயசுல அனுபவிச்சது. நான் அடிப்படையில ஒரு விவசாயி.” கைதட்டல் கேட்டது. யாரோ ஒரு அம்மா “அடடா, இது வேற லெவல்” என்று சொன்னதும் கேட்டது. அன்று சிரித்த டாக்டருக்கு அது என் வைக்கோல் என்பது நினைவே இல்லை.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு கூட்டத்திலும் எங்கள் செல்போன் குழுவிலும் நான் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் தனியாகக் கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கூட்டம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து போன் வரும். “தம்பி, சும்மாதான் கேட்டேன். அந்தப் பாட்டில் உங்களுக்கு என்ன மாதிரி இருந்துச்சு?” நான் முட்டாள் மாதிரி சொல்லுவேன். என் மூக்கை ஒருவர் கேட்கிறாரே என்று முதலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாகப்பட்டினத்தில் கருவாடு காயும் கரையில் உச்சி வெயிலில் நடந்தால் உதட்டில் படியும் உப்பு என்றேன். அது சென்னைக்குப் போயிற்று. நெல் அவிக்கும் அண்டாவின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் முதல் ஆவி என்றேன். அதுவும் போயிற்று. ஒவ்வொன்றிலும் ‘எங்க வயல்ல’, ‘எங்க களத்துல’, ‘எங்க வீட்டுல’ என்று சேர்த்துக்கொண்டார். கருவாட்டுக் கரையில் அவர் எப்போது நடந்தார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் அவர்கள் களத்தில் குனிந்து வாழ்ந்ததெல்லாம் அவருடைய இளமைக்கால நினைவாகிவிட்டது. அவர்கள் நிலத்திலிருந்து நான் கொண்டுவந்தது அந்த வாசங்கள் மட்டும்தான். அதையும் விடவில்லை அந்த மனிதர்.

நேரே கேட்டிருக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “வைக்கோல் என்ன உங்க சொத்தா தம்பி?” என்பார். மறுபடி அறையே சிரிக்கும்.

அதனால் காத்திருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில், சென்னைக் குழுவிலிருந்து ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் பெரிய நிகழ்ச்சியில் மேடையில் உட்கார்ந்து பேச ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்களாம். அதில் ஓர் இடம் மண்டபக்காரருக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வருகிறவர் நேரில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போக வருகிறார். டாக்டர்தான் இதைச் சொன்னார். என் வார்த்தைகளோடு மண்டபக்காரர் மேடை ஏறப்போகிறார்.

அன்றைக்குத் திறக்க வேண்டிய விஸ்கியை முந்தின மாதமே டாக்டர் வீட்டில் அவரும் மண்டபக்காரரும் நானும் கொஞ்சம் சுவைத்துப் பார்த்திருந்தோம். எதிர்பார்த்த மாதிரியே கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை மண்டபக்காரரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, அந்த ஷெர்ரி ஒயின் பீப்பாய்ல ஊறின விஸ்கி... எனக்கு ஒரு மாதிரி வருது, வாயில வர மாட்டேங்குது. உங்களுக்கு?”

எனக்கு வந்தது என்ன என்று முதல் மோப்பத்திலேயே தெரிந்துவிட்டது. பங்குனி வெயிலில் பிடுங்கிக் களத்தில் காயப்போட்ட உளுந்துச்செடி. காய் பட்பட்டென்று வெடிக்கிற மத்தியான நேரத்தில் வரும் காய்ந்த இலையும் புழுதியும் கலந்த வாசம். அம்மா வீட்டுக்கு வரும்போது புடவையிலும் அதுதான் இருக்கும். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உளுந்தை மாற்றவில்லை, மாதத்தை மட்டும் மாற்றினேன்.

“ஐப்பசி மாசம், குறுவை அறுத்த தாள்ல உளுந்து பூத்து நிக்கும்ல சார். மழை பெஞ்சு விட்டதும் அந்தப் பூ வாசம் வருமே, அதேதான்” என்றேன்.

“ஆஹா” என்றார். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

டெல்டாவில் காலை வயலில் வைத்த எவருக்கும் இது பொய் என்று தெரியும். குறுவை நெல்லை அறுத்த கையோடு உழுது அடுத்த போகமான தாளடி நெல்லை நடுவார்கள். ஐப்பசி அடைமழையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். அதில் உளுந்து போட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். உளுந்துக்குக் காலம் தை. சம்பாவோ தாளடியோ அறுப்பதற்குப் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். நாலு வேலிக்குச் சொந்தக்காரர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் என் பொறி அப்போதே போனில் அறுந்து விழுந்திருக்கும். விழவில்லை. அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அறையில் புதுத் திரை போட்டிருந்தார். சென்னைக்காரர் மரியாதையான மனிதர், எல்லோரிடமும் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாட்டிலைத் திறந்தார்கள். சொட்டுக்குழாய் கை மாறிச் சுற்றி வந்தது. மூன்று நிமிஷ மௌனம். 

மண்டபக்காரர் முதலில் பேசினார். கண்ணை மூடிக்கொண்டார். “நான் அடிப்படையில ஒரு விவசாயிங்க” என்று தொடங்கினார். “ஐப்பசி மாசம். எங்க வயல்ல குறுவை அறுத்த தாள். அதுல உளுந்து பூத்து நிக்குது. மழை இப்பதான் விட்டிருக்கு. அந்தப் பூ வாசம்...”

“அற்புதம்” என்றார் சென்னைக்காரர்.

கீழ்வேளூர்க்காரர் கிளாஸிலிருந்து மூக்கை எடுத்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். “ஐப்பசியிலயா? உளுந்தா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“எந்த ஊர்லங்க?”

“எங்க வயல்லதாண்ணே.”

“உங்க வயல்ல ஐப்பசியில முழங்கால் தண்ணி நிக்குமே. உளுந்து என்ன, தாமரையா?”

டாக்டர்தான் முதலில் சிரித்தார். கீழ்வேளூர்க்காரர் சிரிக்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் இப்பதான் விதை வாங்கி வச்சிருக்கேன். தையிலதானே தெளிக்கணும்? குத்தகைக்காரன் உங்ககிட்ட எதுவும் சொல்றதில்லையா?” அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு. சென்னைக்காரர் என்ன நடக்கிறது என்று டாக்டரிடம் குனிந்து கேட்டார். டாக்டர் சிரிப்புக்கு நடுவே விளக்கினார். விளக்கி முடித்தபோது சென்னைக்காரரும் கைக்குட்டையால் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

மண்டபக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. “இது நான் சொன்னதில்ல, தம்பி சொன்னது” என்று சொன்னால் போதும், பழி என் தலைக்கு வந்துவிடும். ஆனால் அதைச் சொன்னால் வைக்கோல், கருவாடு, நெல் ஆவி எல்லாம் யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். உண்மையில் அதைத்தான் அதிகம் விரும்பினேன். அவரோ சொந்த வயல் தெரியாத விவசாயியாக அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்க ஒப்புக்கொண்டார். என்னிடம் வாங்கினேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம் முன்பு வந்ததையெல்லாம்விடப் பெரியது.

“நீங்க சொல்லுங்க சார்” என்று கீழ்வேளூர்க்காரர் என் பக்கம் திரும்பினார்.

நான் கிளாஸை எடுத்து முகர்ந்தேன். அவசரப்படவில்லை.

“உளுந்துதாங்க” என்றேன். “சார் சொன்னதுல அது சரி. மாசம்தான் தப்பு. பங்குனி. பிடுங்கிக் களத்துல காயப்போட்ட செடி. மத்தியானம் மூணு மணி. காய் வெடிக்கிற நேரம்.”

கீழ்வேளூர்க்காரர் கண்ணை மூடி முகர்ந்தார். “ஆமா” என்றார். மறுபடி முகர்ந்தார். “அட, ஆமாங்க.”

“சார் வயல்லதாங்க பிடுங்கினேன்” என்றேன். “எங்க அம்மாகூட. பள்ளிக்கூட லீவுல.”

யாரும் சிரிக்கவில்லை. சென்னைக்காரர் என்னையும் மண்டபக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அந்த வைக்கோல் போர்கூட...?” என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். கீழே ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி மண்டபக்காரர் எழுந்து போனார். அன்று மண்டபத்தில் எந்த வேலையும் இல்லை.

வெளியே வந்து காரை எடுக்கும்போது டாக்டர், “விட்டிருக்கலாம் சார், பாவம்” என்றார். எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை என்று சொன்னேன். முதல் நாள் நீங்களும்தான் சிரித்தீர்கள் என்றும் சொன்னேன். அவர் கார் கதவைச் சாத்தினார்.

சென்னை மேடைக்கு அவரைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. கூட்டங்கள் இப்போதும் அதே மாப்பிள்ளை அறையில்தான் நடக்கின்றன. இடம் அவருடையது, சொட்டுக்குழாய் என்னுடையது. எனக்கு இப்போது போன் வருவதில்லை. ஒவ்வொருவரும் சுவைத்ததைப் பற்றிச் செல்போன் குழுவில் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த மார்கழிக் கூட்டம் முடிந்து ஒரு மாதம் அவர் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒரு பாட்டிலைப் பற்றி எழுதினார்.

“நல்லா இருந்துச்சு.”

அன்றிலிருந்து எந்த விஸ்கியைக் குடித்தாலும் அதைத்தான் எழுதுகிறார். அது முழுக்க அவருடைய சொந்த வார்த்தை. அது வரும் ஒவ்வொரு முறையும் நான் முதல் ஆளாக ஒரு கைகூப்பும் படம் போடுகிறேன்.