ஊர் என்ற இடத்தில் திருப்பதி

முகநூலில் எனக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது என் மகள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் மனைவி பாகாலாவில் பிறந்தவள். அவள் பேசும் தமிழில் பாதி தெலுங்கு. நான் நகரி பக்கத்தில் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். சித்தூரில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கும் வேலை. நான் எழுதுவதைப் படிக்க எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது.

பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எதற்கும் பதில் வந்ததில்லை. நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை மகள் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் என்று கேட்ட இடத்தில் திருப்பதி என்று போட்டாள். நாம் சித்தூர்தானே என்றேன்.

"சித்தூர்னா யாருக்கு நைனா தெரியும்? திருப்பதின்னா எல்லாருக்கும் தெரியும். முந்தி ஒரே ஜில்லாதானே."

என் முகத்தைப் போடக் கூச்சமாக இருந்தது. எப்போதோ அலிபிரி அடிவாரத்தில் எடுத்த திருமலையின் படம் ஒன்று போனில் இருந்தது. அதைப் போட்டுவிட்டாள்.

ஒரு மாதத்துக்குள் நட்பு கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். கதைக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கடையில் பெயிண்ட் டப்பா மெஷினில் குலுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன். கதவு திறக்காத ஒரு வீட்டைப் பற்றி நான் எழுதிய கதையின் கீழே ஏழெட்டுப் பேர் "கோவிந்தா கோவிந்தா" என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு தனிச்செய்திகள் வர ஆரம்பித்தன. தங்கள் எழுத்து அருமை ஐயா என்று ஒரு வரி இருக்கும். புரட்டாசியில் குடும்பத்தோடு வருகிறோம், மலை மேல் ரூம் கிடைக்குமா, வயதானவர்களுக்குத் தனி வரிசை உண்டா, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மீதி இருக்கும். ஒருவர் லட்டு பார்சல் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது என்று எழுதினேன். அன்றே நட்பிலிருந்து போய்விட்டார்.

என் மனைவிக்கு இதில் சிரிப்பு. "ஏமண்டி, இன்னிக்கி வந்தது கதைக்கா, ரூமுக்கா?" என்று சாப்பாடு போடும்போது கேட்பாள்.

ஊரை மாற்றியிருக்கலாம். மகளிடம் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. ரூம் கேட்டு வருகிறவர்களும் வராமல் போனால் அங்கே யாருமே இருக்க மாட்டார்கள் என்று பயமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் ரூம் கேட்காதவர். தேவகோட்டைப் பக்கத்து அம்மா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர் என்று அவருடைய முகநூல் பக்கத்தில் போட்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஒரு டீக்கடையை வைத்து நான் எழுதிய கதைக்குக் கீழேதான் முதலில் வந்தார். அதில் டம்ளர் கழுவுகிற பெண் ஒருத்தி வருவாள். "அந்தப் பொண்ணு ஒரு தடவைகூட டீ குடிக்கலையே, ஏன்யா?" என்று கேட்டிருந்தார். நான் கதையைத் திரும்பப் படித்தேன். உண்மைதான், அவள் குடிக்கவே இல்லை. எழுதிய எனக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து இரண்டு வருஷம், நான் போட்ட ஒவ்வொரு கதைக்கும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். நைனா என்றால் அப்பாவா தாத்தாவா, சாப்பிடு என்பதற்குத் துன்னு என்று எழுதினால் உங்கள் ஊரில் மரியாதைக் குறைவு இல்லையா, அந்த ஆள் ஏன் சட்டையை மாற்றாமல் கல்யாணத்துக்குப் போனான். நான் இரண்டு வரியில் பதில் எழுதுவேன். அந்த இரண்டு வரிக்கு அரை நாள் ஆகும். எழுத உட்காரும்போது இதற்கு அவர் என்ன கேட்பார் என்ற நினைப்பு தானாக வந்துவிடும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

போன புரட்டாசிக்கு முன்பு அவரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை எங்க தெருவுல எல்லாரும் சேந்து பஸ் பிடிச்சுத் திருப்பதி வர்றோம். உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

இவரும்தானா என்றுதான் தோன்றியது. அந்த வாரத்தில் மட்டும் நாலு பேர் ரூம் கேட்டிருந்தார்கள். என்ன உதவி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், மற்றவர்களுக்கு அனுப்பி அனுப்பிப் பழகியதையே அவருக்கும் அனுப்பினேன். நான் கோயில் ஆபீஸில் இல்லை, டிக்கெட்டோ ரூமோ என்னால் ஆகாது, மன்னிக்கவும்.

"சரிங்க ஐயா" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் படங்கள் போட்டிருந்தார். மொட்டை அடித்த குழந்தைகள், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். கடைசிப் படத்துக்கு "வெள்ளிக்கிழமை மத்தியானம், போற வழியில சித்தூர்ல டீ" என்று எழுதியிருந்தார். மஞ்சள் சேலைகளுக்கு நடுவே கையில் டம்ளரோடு அவர் நின்றார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். பின்னால் இருந்த தெலுங்குப் பலகையை நான் படித்தேன். படிக்கத் தேவையே இல்லை. அது கதையில் வரும் கடை. அங்கிருந்து நாலாவது கடை எங்களுடையது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் உள்ளே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பச்சை கலந்துகொண்டிருந்தேன்.

என்ன உதவி கேட்க நினைத்தீர்கள் என்று அப்போதுதான் எழுதிக் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. கதையில வர்ற டீக்கடை எங்கன்னு கேட்டு, அங்க போயி ஒரு டீ குடிக்கலாம்னு ஆசை. உங்களுக்கு எல்லாரும் தொந்தரவு குடுக்கறாங்கன்னு புரிஞ்சுச்சு, விட்டுட்டேன்."

அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. சொன்னால் எவ்வளவு ஆச்சரியப்படுவார் என்று நினைத்து, அம்மா, நீங்கள் டீ குடித்ததே அந்தக் கடைதான், படத்தில் இருப்பது அதேதான் என்று வேகமாக எழுதி அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் அனுப்பிய செய்தி அது ஒன்றுதான்.

அவர் எழுதிக்கொண்டிருப்பதாகப் புள்ளிகள் ஓடின. நின்றன. திரும்ப ஓடின.

"அப்ப நீங்க திருப்பதியில இல்லையா?"

இல்லை அம்மா, சித்தூர் என்று எழுதினேன். மகள் தெரியாமல் போட்டுவிட்டாள் என்றும் சேர்க்கப் பார்த்தேன், சேர்க்கவில்லை. தெரிந்தேதான் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

மறுநாள் மகளிடம் கேட்டுக்கொள்ளாமல் நானே தடவித் தடவி ஊரை மாற்றினேன். ரூம் கேட்பது நின்றது. கோவிந்தா போடுகிறவர்களும் மெல்லக் குறைந்தார்கள். மனைவிகூட இப்போது சாப்பாட்டு நேரத்தில் எதுவும் கேட்பதில்லை. அதன் பிறகு மூன்று கதைகள் போட்டேன். தேவகோட்டை அம்மா மூன்றையும் படித்திருக்கிறார், விருப்பக்குறி இருக்கிறது. கேள்வி ஒன்றும் இல்லை. மூன்றாவது கதையில், வேண்டுமென்றே, ஒரு கிழவருக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டு அனுப்பியிருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் எதையுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் உண்டா, எத்தனை குழந்தைகளுக்குச் சமைக்கிறார், என் கதைகளை எந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் யோசித்து, கடைக்குப் போகும் வழியில் நின்று, டீ எப்படி இருந்தது அம்மா என்று எழுதினேன்.

மத்தியானம் பதில் வந்தது. "சூடா இருந்துச்சு ஐயா."

அடுத்ததாக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நாளாக மெஷின் ஓடும் நேரமெல்லாம் ஒன்று எழுதுகிறேன், அழிக்கிறேன்.