ஐந்து மணிக்குள் மாறிய வரிசை

அல்லாஹ்வைப் புகழ்ந்து, என் மடத்தனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. என் மகளின் படிப்பை நானே கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தபோது மணி இரண்டு. சரிசெய்ய மூன்று மணி நேரம்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க கரண்ட் இல்லை.

ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ்தான் படிப்பேன் என்று நஸ்ரின் ஒரே பிடியாக நின்றாள். அவள் மட்டுமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் பை, சூட்கேஸ் கடை வைத்திருக்கிறேன். ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்க வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் வாயில் அதே படிப்புதான். எந்த மாசம் எந்தப் பை அதிகம் போகும் என்று நம் கடை விற்பனையை வைத்தே கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று அவள் விளக்கினாள். அன்றைக்கே எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

என்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரியையும் பாடத்தையும் விருப்ப வரிசைப்படி கம்ப்யூட்டரில் போட வேண்டும். தாளில் எழுதித் தந்துவிட்டு, ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்தது. கடையில் நல்ல பையை எடுத்த எடுப்பில் காட்ட மாட்டோம். வாங்குகிறவரும் பிடித்ததைத் தொடாமல் வேறொன்றுக்குத்தான் முதலில் விலை கேட்பார். ஆசையை வெளியே காட்டக்கூடாது என்று, அவள் ஒப்புக்குக் கடைசியில் எழுதியிருந்த சிவிலை மேலே ஏற்றினேன். உயிராய் நினைத்த கோயம்புத்தூர் ஏஐ சீட்டைக் கடைசியில் வைத்தேன். பெருமையாக ஒரு டீயும் குடித்தேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் இந்தச் சாமர்த்தியத்தைச் சொன்னேன். அவர் மகனுக்கும் அதே படிப்பு ஆசை. அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன பாய் இப்படிச் செஞ்சு வச்சிருக்கீய? கம்ப்யூட்டர் மேல இருந்து பாத்து, எது காலியா இருக்கோ அதைக் குடுத்துரும். உங்க புள்ளைக்கு சிவில்தான். அஞ்சு மணிக்கு லிஸ்டைப் பூட்டிருவாக."

ஓடினேன். சென்டரில் இருட்டு. மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வருமாம். நஸ்ரினுக்குத் தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும் என்று எங்காவது இன்வர்ட்டர் இருக்குமா என்று இன்னும் மூன்று சென்டர் ஏறி இறங்கினேன். ராஜபாளையம் பஸ்ஸில்கூட ஏறினேன். அங்கே அவள் தங்கியிருக்கும் வீட்டுச் சகலையின் கம்ப்யூட்டர் கடையைத் தவிர வேறு இடம் தெரியாது, விஷயம் அவள் காதுக்குப் போய்விடும் என்று இறங்கிவிட்டேன். மணி நாலு.

பள்ளிவாசலுக்கே திரும்பி வந்து, இரண்டு ரக்அத் தொழுது கையேந்தினேன். யா அல்லாஹ், கரண்ட்டைக் கொடு. இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். திடீரென்று வெட்கமாகிவிட்டது. படைத்த ரப்பிடம்கூட என் மானம் போகாத வழியைத்தானே கேட்கிறேன்? அழுதேன். என் மானம் போனாலும் பரவாயில்லை, பிள்ளையின் சீட்டு போக வேண்டாம் என்று கேட்டேன். நெஞ்சு லேசானது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தா, அதுக்கு சென்டர் எதுக்கு? என் போன்லயே மாத்தலாமே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

குரலில் கோபமே இல்லை. நம் ஊரில் எல்லோரும் சென்டருக்குத்தான் போகிறார்கள். போனிலேயே முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சட்டைப் பையில் இருந்த பாஸ்வேர்டு சீட்டை எழுத்து எழுத்தாக வாசித்தேன். வெப்சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது "மாறிருச்சு அத்தா" என்றாள். பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் அப்போதும் வரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அவள் முதலில் கேட்டதே கிடைத்தது! கோயம்புத்தூர், ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ். தெருவுக்கே பால்கோவா கொடுத்தேன். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள், போனில் எனக்கும் பாடம் எடுக்கிறாள். தப்புச் செய்தால் வீட்டில் மறைக்கிற பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். பெட்டி வாங்க வரும் தகப்பன்மாரிடம் இந்தக் கதையைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

அன்பானவர்களே, அல்லாஹ்விடம் அழுது கேளுங்கள், உதவி வரும். எந்த வழியாக வர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கரண்ட் கேட்டேன். அவனோ உதவியை முன்னமே என் மகள் கையில் கொடுத்து வைத்திருந்தான். நான் அவளைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது.