ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு வேனில்

ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையில் வாய்க்குக் கால் பங்கு வேலை என்றால், தலைகளை எண்ணும் கண்ணுக்கு முக்கால் பங்கு. சொந்தக்காரர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்த எவருக்கும் என் பாடு புரியும். ஞாயிறுதோறும் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றி வடசென்னையைக் காட்டுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரி. வேன் ஓட்டும் காதர் பாய் ராயபுரத்துக்காரர்.

பழைய ஸ்டேஷன்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேளச்சேரித் தம்பதி ஒன்று உயரமான தூண்களை மறித்து நின்று படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. கணவர், டிபன் பையோடு வந்த ஒருவரை நிறுத்தி, "மியூசியம் எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்று கேட்டார்.

"மியூசியம் இல்ல சார், ஸ்டேஷன். கொஞ்சம் நவுந்துக்கினீங்கன்னா வண்டியப் புடிச்சிடுவேன்."

சுவரில் ஒரு கோடு

ஒருநாள் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. காதர் பாய் வேனைச் சடையங்குப்பம் வழியாகத் திருப்பினார். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். உள்சுவரில் நெஞ்சுயரத்தில் பழுப்பாக ஒரு நேர்கோடு. பக்கத்து வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் அதே கோடு. எங்களோடு வந்திருந்த கட்டடக்கலை மாணவி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எல்லார் வீட்லயும் ஒரே மாதிரி டிசைன். யார் போட்டது?"

வீட்டுக்கார அம்மா சொம்பை நீட்டினார். "வெள்ளம் போட்டதும்மா. அதுக்கு மேலதான் டிவிய மாட்டிக்கீறோம்."

காணாமல் போன கணக்கு டீச்சர்

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை சரோஜாவை அவருடைய மகள்தான் பதிவுசெய்து தனியாக அனுப்பியிருந்தாள். காலையிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சலித்துவிட்டதோ என்று எனக்குக் கவலை. எண்ணூர் கழிமுகத்தில் எல்லோரும் இறங்கி அனல்மின் நிலையக் குழாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வேனில் பதினொரு பேர்தான். டீச்சரைக் காணோம்; அவருடைய போன் இருக்கையில் கிடந்தது. அங்கே நீரோட்டம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். காதர் பாய் பாலத்துப் பக்கம் ஓட, நான் கரையோரம் ஓடினேன். டீச்சருடைய மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

வளைவு தாண்டியதும் பார்த்தேன். ஆழமில்லாத இடத்தில் நான்கைந்து பெண்கள் ஓலைப்பெட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீச்சர். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாதம்மா, ஓடிடும்" என்றார் அவர் நிமிராமல். "கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது அசையறது கால்ல தெரியுது. எப்படின்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் பெட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க டீச்சரம்மா இவ்ளோ நேரத்துல ஒரே ஒரு எறாதான் புடிச்சாங்க. அதையும் இன்னொரு தபா புடிச்சிப் பாக்கணும்னு வுட்டுட்டாங்க."

எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே இவ்வளவு நன்றாகச் சொல்லிவிடுவதால், வழிகாட்டி என்று எனக்கு மிஞ்சியிருப்பது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மட்டும்தான்.