மவுஸ் பிடிக்காத அக்கா

என் கணினித் திரைக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருக்கிறது. பார்சல் பெட்டியிலிருந்து கிழித்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் மூன்று வரிகள். கன்ட்ரோல் ஆர்: பதில். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர்: எல்லாருக்கும் பதில். கன்ட்ரோல் எண்டர்: போயிடும், பாத்து. எழுதியவர் எங்கள் ஓசூர் ஆலையில் டெஸ்பாட்ச் மேசையில் இருந்த அக்கா. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிரஸ் மெஷினில் வேலைக்கு வந்தவர். அந்த மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. நிர்வாகம் பெரிய மனது பண்ணி அவரை ஆபீசில் உட்கார வைத்தது. வலது கையால் மவுஸை அழுத்த விரல் இல்லை. இடது கையில் பழகிப் பார்த்தார், அம்பு திரையெல்லாம் ஓடியது. ஒரே மாதத்தில் மெயிலுக்கான ஷார்ட்கட் அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டார். நாங்கள் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாலு லோடுக்குப் பதில் அனுப்பியிருப்பார். நான் கிண்டல் செய்தால், "மவுஸு உங்களுக்குண்ணா. எனக்கு இதான் கை" என்பார்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளரோடு சண்டை போட வேண்டிய மெயிலைத் தன் பெயரில் எழுத மாட்டார். அக்காவை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரில் எழுதுவார். முதலில் திட்டிக் கொட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியாகப் பதமாக்குவார். ஒருநாள் பெங்களூரு கம்பெனி ஒன்று, தரம் சரியில்லை என்று எங்கள் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. 'உங்க இன்ஸ்பெக்டருக்குக் கண் இருக்கா, இல்லையா?' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகக் கன்ட்ரோல் எண்டரைத் தட்டினார். ஆபீஸ் சாட்டில் அப்படித் தட்டித்தான் அவருக்குப் பழக்கம், அங்கே அடுத்த வரி வரும். மெயிலில் தட்டினால் மெயிலே போய்விடும். போய்விட்டது.

"சார், அது அனுப்பற கீ சார்" என்றார், பின்னால் நின்றிருந்த அக்கா.

"ஏம்மா, ஷார்ட்கட்டு ஷார்ட்கட்டுன்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கிறது நீயா, நானா?"

மறுநாள் சர்க்குலர் வந்தது. ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் வாடிக்கையாளருக்குத் தவறான மெயில் போய்விட்டதாம். இனி யாரும் ஷார்ட்கட் பயன்படுத்தக் கூடாதாம், மவுஸ் மட்டும்தானாம். விரல் இல்லாதவரிடம் மவுஸ் மட்டும் என்றால், வெளியே போ என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்? அதையும் நேராகச் சொல்ல அவர்களுக்குத் தைரியமில்லை. இரண்டு வாரம் அந்த மவுஸோடு அக்கா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 'வேலையில் மந்தம்' என்று மெமோ கொடுத்தார்கள். அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன். மேனேஜரின் விரல் எந்தக் கீயில் விழுந்தது என்று என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் கோபத்தில் பாதி என் மேலேயேதான். போகிற அன்று அக்கா அட்டையைப் பிய்த்து என் மேசையில் வைத்தார். "நீங்க பாத்தீங்கதானேண்ணா?" என்றார். நான் மறுபடி ஃபைலைப் புரட்டினேன்.

இன்று காலை புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அதே சர்க்குலர் மறுபடி எல்லாருக்கும் வந்தது. இப்போது அக்காவின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள், பாடமாம். அனுப்பியவர் அதே மேனேஜர், இப்போது ஆலைக்கே தலைவர். நான் அட்டையைப் பார்த்தேன். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர்: எல்லாருக்கும் பதில். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார், கீயைத் தட்டியது யார், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது யார் என்று நாலு வரி எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துப் பார்த்தேன்.

பிறகு மவுஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கன்ட்ரோல் எண்டரைத் தட்டினேன். போய்விட்டது.