மூச்சை வெட்டாதே

அப்பா இறந்தது தெரியாமல் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த அமெரிக்க ராக் குழு துபாய்க்கு வந்தது.

எனக்குப் பதினொரு வயது. துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் இருந்தோம். அப்பா கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்த்தார். அங்கே ரூமில், தூக்கத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா அப்பாவின் உடலை வாங்கத் திருச்சிக்குப் பறந்தாள். பரீட்சை முடியும்வரை பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பது பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. எங்கள் குடும்பத்தில் ஆண்டுப் பரீட்சை என்றால் சாவுகூட வெளியே நிற்க வேண்டும். அதை வெளியே நிறுத்தி வைக்கும் பொறுப்பு எங்களோடு தங்கியிருந்த மாமாவின் தலையில் விழுந்தது.

மாமா மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் கம்பெனியில் இருந்தார். அவரிடம் இருந்தவை: அப்பாவின் பழைய குரல் செய்திகள், ஒரு லேப்டாப், ஒரு பொய். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை நடக்கிறது, உள்ளே ஃபோன் கூடாது, சாயங்காலம் வாய்ஸ் மட்டும் அனுப்புவார் என்பது பொய். குளிர், நோன்பு என்று பேசிய நாளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களையும் பின்னால் ஓடும் ஏசி சத்தத்தையும் வெட்டியெடுத்துவிட்டு, தினமும் ஒன்றைப் போட்டுக் காட்டுவார்.

"நல்லாப் படிம்மா. சாப்டியா? அம்மாவத் தொந்தரவு பண்ணாத."

"அப்பா ஏன் மாமா ஏர்போர்ட்ல அறிவிப்புச் சொல்ற மாதிரி பேசுறாரு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நெட்டு சரியில்ல பாப்பா."

"இல்ல மாமா. வேற யாரோ அப்பா மாதிரி பேசுறாங்க."

அன்று மாமா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மறுநாள் அந்த ராக் குழுவின் நிகழ்ச்சி; அதன் ஒத்திகைக்கு, தன் டூட்டிக்கே மாமா கூட்டிப்போனார். வழியில் அந்தக் குழுவின் கதையைச் சொன்னார்.

"அமெரிக்காவுல ஒரு கார் ஷெட்ல அஞ்சு பசங்க ஆரம்பிச்சாங்களாம். ஒரு காலத்துல ஸ்டேடியமே நெறையுமாம். அப்புறம் சண்ட, கோர்ட்டு, பிரிஞ்சாங்க, சேந்தாங்க. பாடுறவரு செத்துப் போயிட்டாரு. வேற ஆள வச்சுப் பாடிப் பாத்தாங்க, எடுபடல."

"இப்ப யாரு பாடுறா?"

"இப்பவும் அவருதான்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

திறந்தவெளி அரங்கு. மத்தியான வெயிலில் காலி நாற்காலிகள். மேடையில் நான்கு கிழவர்கள்; ஒருவருக்கு முழங்காலில் பட்டை, ஒருவர் மூக்கில் படிக்கிற கண்ணாடி. நடுவில் ஒரு மைக் மட்டும் நின்றது. அதன்மேல் கறுப்புத் தொப்பி. டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டினார். எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவ்வளவு பெரிய மூச்சை நான் கேட்டதில்லை. பிறகு குரல் வந்தது. டிரம்ஸ்காரர் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார், அதன் கீழே முகம் இருப்பது போல.

நடுவில் ஏதோ தவறி எல்லாரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். குரல் நிற்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து அடுத்த வரியையும் தனியாகப் பாடியது. ஒலிப்பலகை முன் இருந்த நரைத்தாடிக்காரர் கையை நீட்டிக் குரலை நிறுத்தினார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நரைத்தாடிக்காரர் அந்தக் குழுவோடு தொடக்கத்திலிருந்தே இருப்பவராம். வேலையிடத்தில் பழகிய மாமாவின் சைட் இங்கிலீஷுக்கு அவருடைய பேச்சு பிடிபடவில்லை.

"பாப்பா, நீ கேளு. செத்தவர் குரல எப்படி இவ்வளவு உயிரா வச்சிருக்கீங்கன்னு கேளு."

கேட்டேன். அவர் குனிந்து, பொறுமையாகச் சொன்னார். என்னுடையது பள்ளியில் முதல் மார்க் வாங்கும் இங்கிலீஷ். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"மூச்ச மட்டும் வெட்டக் கூடாதாம் மாமா. வெட்டினா ஆளு இல்லன்னு கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருமாம்."

"வேற?"

"பின்னாடி கேக்குற சத்தத்தையும் கொஞ்சம் விட்டு வைக்கணுமாம். சுத்தமா இருந்தா பயந்துருவாங்களாம்."

மாமா என் தலையில் கையை வைத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா மூச்சு விட்டார்.

முதலில் ஏசியின் உறுமல். தூரத்தில் யாரோ ஹிந்தியில் கூப்பிடும் சத்தம். பிறகு, மாடிப்படி ஏறி வந்தவர் போல ஒரு நீண்ட மூச்சு. அதற்கப்புறம்தான், "நல்லாப் படிம்மா." வார்த்தைகள் பழையவைதான்.

"மாமா! அப்பா இன்னைக்கு இங்கயே இருக்காரு!"

மறுபடி போடச் சொன்னேன். ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். மூச்சின் கடைசியில் லேசான விசில், அப்பாவின் மூக்கில் எப்போதும் வருவது. கணக்குப் பரீட்சை பயமே போய்விட்டது.

மாமா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அந்த வெள்ளைக்காரரின் தொழில் ரகசியத்தை மொழிபெயர்த்துக் கொடுத்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அது யாருக்காக, யாரை ஏமாற்ற என்று எனக்குத் தோன்றவேயில்லை. குழாய் மட்டும் வெகுநேரம் ஓடியது. வாளி நிரம்பி வழிவது கேட்டது.

கதவைத் தட்டினேன்.

"மாமா, தண்ணி வீணாப் போகுது. அப்பாகிட்டச் சொல்லிருவேன்."