வாயில் லென்ஸ் மூடி

கல்யாண வீடுகளில் அவளை வீடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை கூட்டத்திலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். "பெரியம்மா, இங்க பாருங்க. மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க, காசா பணமா?" எல்லாரும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். பிறகு வீடியோவைத் தொகுக்கும்போது அந்தக் குரலின் மேல் ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடுவாள். தொழிலே அப்படித்தான்.

பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளி அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தோடு ஒரு குறும்படம் அனுப்ப வேண்டும். இந்த முறை இசை கூடாது என்று விதி. தம்பியின் சலூனில் நாள் முழுக்கப் படம்பிடித்து வந்து, பாட்டில்லாமல் ஓடவிட்டாள். படம் முழுக்க அவள் குரல்தான்: திரும்பு, நிமிரு, கத்தரியைத் தூக்கிக் காட்டு. அதில் இருந்தவன் சலூன்காரன் இல்லை, அக்காவுக்குப் பயந்த தம்பி.

மறுநாள் மறுபடி போனாள். வாயை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, பழக்கதோஷம். கடைசியில் லென்ஸ் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

மதியம் முடிவெட்ட உட்கார்ந்த லாரி ஓட்டுநர் பாதியில் தூங்கிப்போனார். தலை சரிந்தது. தம்பி கத்தரியை வைத்துவிட்டு அவர் தாடையை உள்ளங்கையில் தாங்கினான். என்ன செய்ய என்பதுபோல கேமராவுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். எழுப்புடா என்று சொல்ல நாக்கு துடித்தது. மூடியை இறுக்கிக் கடித்தாள். பதில் வராததால் அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காத்திருந்தவர்களுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். கடையே அடங்கிப்போனது, குறட்டையைத் தவிர.

கண்விழித்த ஓட்டுநர் படத்தைப் பார்த்துவிட்டு, தாராளமாக அனுப்பலாம், குறட்டையை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். படத்தில் இருக்கும் ஒரே பாட்டு அதுதான் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியை நம்பவில்லை. "நல்லா இருக்கு. ஆனா அந்த சலூன்காரரை ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னது நீங்கதானே?"

வீடியோ அக்கா கைப்பையைத் துழாவி லென்ஸ் மூடியை மேசைமேல் வைத்தாள். "சொல்லிடக் கூடாதுன்னுதான் மேடம் இதைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

பல் பதிந்த மூடி தேர்வாளர்களிடையே கை மாறியது. தம்பி கேமராவைப் பார்க்கிற இடத்தை ஏன் வெட்டவில்லை என்று பேராசிரியை கேட்டார்.

"அதுக்கப்புறந்தான் மேடம் அவன் என்னை மறந்தான்."

இடம் கிடைத்தது. செய்தி சொல்ல சலூனுக்கு ஓடினாள். தம்பி கத்தரியை நிறுத்தாமலே சொன்னான்: "சந்தோஷம்க்கா. அந்த மூடியைத் தூக்கிப் போட்டுடாத. வீட்லயும் கொஞ்சம் கடிச்சுக்க."